எடுப்பும் அடுப்பும்

சமைத்த சோற்றைக் கடையில் வாங்கி உண்ணலாமா என்ற கேள்வி ஓட்டல்களைவிட மிகவும் மூத்தது. கிறிஸ்து பிறப்பதற்குச் சில நூற்றாண்டுகள் முன் தொகுக்கப்பட்டதாகக் கருதப்படும் ஆபஸ்தம்ப தர்மசூத்திரம், கடைத்தெருவில் விற்கும் சமைத்த உணவை உண்ணக் கூடாது என்று ஒரே சூத்திரத்தில் முடித்துவிடுகிறது. தடை இருக்கிறதென்றால் வழக்கமும் இருந்திருக்கும். யாரும் வாங்காத ஒன்றை வாங்காதே என்று எந்த நூலும் மெனக்கெட்டுச் சொல்வதில்லை. சிலப்பதிகாரம் காட்டும் புகார் நகரத்து மருவூர்ப்பாக்கத்திலேயே பிட்டு விற்கும் காழியரும் அப்பம் விற்கும் கூவியரும் இருக்கிறார்கள். இன்று மாலை ஏழு மணிக்கு ஒரு வீட்டில், நெய்ச்சோறும் குருமாவும் பாயசமும் செய்துவிடலாமா, பேசாமல் பார்சல் சொல்லிவிடலாமா என்று பேச்சு எழுந்தால், அதில் நேரமும் பணமும் அலுப்பும் அடிபடும். அறநூல்கள் இவற்றைப் பொருட்படுத்தவில்லை. அவை கேட்டது வேறு: அந்த அடுப்பு யாருக்காக மூட்டப்பட்டது?

வீட்டில் சமைப்பவர் இன்னாருக்கு என்று உலை வைக்கிறார். கடையில் சமைப்பவருக்கு அப்படி ஒரு முகம் கிடையாது; வருகிறவர் யாரோ அவருக்கு என்று அவர் சமைக்கிறார். இந்த ‘யாரோ’வை மாசு என்று கருதிய மரபுகள் உண்டு, பாதுகாப்பு என்று கருதியவை உண்டு, விடுதலை என்று கொண்டாடியவையும் உண்டு. சமயங்களின் உணவு விதிகளில் பெரும்பகுதி இந்த ஒரு சொல்லைச் சுற்றியே சுழல்கிறது.

ஆபஸ்தம்பரின் தடை கண்ணை மூடிக்கொண்டு போட்டதன்று. சமைத்த உணவோடு சுவைப்பொருள்களையும் அவர் தடுக்கிறார். ஆனால் பச்சை இறைச்சி, தேன், உப்பு ஆகியவற்றுக்கு விலக்குத் தருகிறார். எண்ணெயையும் நெய்யையும் நீர் தெளித்து ஏற்றுக்கொள்ளலாம். அடுத்து வருவது பழையதைப் பற்றிய விதி: இரவு தங்கிய சமையல் ஆகாது, ஆனால் அவல், மாவு, வறுத்த தானியம், பாலிலிருந்து வருபவை போன்றவற்றுக்கு அந்தத் தடை இல்லை. இந்தப் பட்டியல்களைச் சேர்த்துவைத்துப் பார்த்தால் கோடு எங்கே விழுகிறது என்பது புலப்படும். தண்ணீரும் நெருப்பும் கூடி அரிசியைச் சோறாக்கும் இடத்தில் விழுகிறது. தமிழ்நாட்டு ஆசார வீடுகளில் ‘பத்து’ என்று சொல்லப்படுவது இதே கோடுதான். சோற்றைத் தொட்ட கையால் ஊறுகாய் ஜாடியைத் தொடக் கூடாது. இடையில் கையை நனைத்துக்கொள்ள வேண்டும். அரிசி மூட்டையை யார் தோளில் சுமந்து வந்தாலும் வீட்டுக்காரர் விசாரித்ததில்லை. அதே அரிசி வெந்த பிறகு யார் கை பட்டது என்பது குடும்பமே கூடி விவாதிக்கும் விஷயமாகிவிடும். பட்சணக் கடையில் கூசாமல் மைசூர்பாகு வாங்கியவர் சோற்றுக் கடை வாசலில் தயங்கி நின்றதற்குக் காரணம் இந்தக் கணக்கு: நெய்யில் பொரிந்ததற்கு ஒரு சட்டம், தண்ணீரில் வெந்ததற்கு இன்னொரு சட்டம்.

இந்தத் தடைக்கு எதிர்த்திசையில் போகும் விதியொன்றும் உண்டு. போதாயன தர்மசூத்திரமும் பின்னர் மனுஸ்மிருதியின் ஐந்தாம் அத்தியாயமும், கைவினைஞரின் கை எப்போதும் தூயது, விற்பனைக்குக் கடையில் பரப்பிவைத்த பொருளும் தூயது என்கின்றன. துணி, பானை, பூமாலை போன்ற சரக்குகளைப் பற்றியது மட்டுமே இது என்று எடுத்துக்கொண்டால் ஆபஸ்தம்பரோடு சண்டை வராது. ஆனாலும் இந்த விதிக்குப் பின்னால் இருக்கும் நடைமுறை அறிவு லேசானதன்று. சந்தையில் ஒரு பொருளை எத்தனை கைகள் தொட்டன, அவை யாருடைய கைகள் என்று துருவ ஆரம்பித்தால் ஊர் வாழாது. தூய்மை விசாரணை சந்தை வாசலில் நின்றுவிட வேண்டும் என்பதை வைதிக நூலே ஒப்புக்கொள்கிறது. அடையாளம் தெரியாமல் போவதுதான் பொருளைச் சுத்தமாக்குகிறது என்று ஒரு விதி. அதுவே சோற்றை அசுத்தமாக்குகிறது என்று இன்னொரு விதி. ஒரே மரபுக்குள் இரண்டும் அருகருகே உட்கார்ந்திருக்கின்றன.

இந்த விதிகளுக்குத் தத்துவ உருவம் கொடுத்த வாக்கியம் சாந்தோக்கிய உபநிடதத்தின் ஏழாம் அத்தியாயக் கடைசியில் இருக்கிறது. ஆகாரம் தூய்மையானால் உள்ளம் தூய்மையாகும், உள்ளம் தூய்மையானால் நினைவு நிலைக்கும், நினைவு நிலைத்தால் கட்டுகள் அவிழும் என்பது அதன் கருத்து. ‘ஆகாரம்’ என்றால் என்ன என்பதில் ஆசாரியர்கள் பிரிந்தார்கள். சங்கரர் அதைத் தட்டில் வைக்கும் சோறாக மட்டும் கொள்ளவில்லை. புலன்கள் வழியாக உள்ளே வருவதெல்லாம் ஆகாரம், விருப்பு வெறுப்பின் கறை படியாமல் அது உள்ளே வர வேண்டும் என்றார். ராமானுஜர் ஸ்ரீபாஷ்யத்தில் பழைய உரைகாரர் ஒருவரைச் சான்றாகக் கொண்டு சோற்றையே பேசினார். உணவைக் கெடுப்பவை மூன்று. பொருளின் இயல்பிலேயே உள்ள குற்றம் ஜாதி தோஷம். பூண்டு, வெங்காயம் இந்த வகை. யாரிடமிருந்து வருகிறதோ அவரால் வரும் குற்றம் ஆச்ரய தோஷம். முடி விழுவது, எச்சில் படுவது போல இடையில் நேர்வது நிமித்த தோஷம்.

பார்சல் பொட்டலத்தை இந்த மூன்று சல்லடைகளிலும் போட்டுப் பார்த்தால் சிக்கல் எங்கே என்று தெரிந்துவிடுகிறது. முதல் குற்றத்தைக் கடைக்காரரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். ‘வெங்காயம் இல்லாமல்’ என்று எழுதி அனுப்பும் வசதிகூட இன்று இருக்கிறது. மூன்றாவதைப் பொட்டலத்தைப் பிரித்ததும் கண்ணே சொல்லிவிடும். இரண்டாவதைக் கண்டுபிடிக்க வழியே இல்லை. சமைத்தவர் எந்த மனநிலையில் கரண்டியைப் பிடித்தார், கூலி சரியாக வாங்கினாரா, அந்தச் சமையலறை எந்தத் தெருவில் இருக்கிறது என்பதுகூட வாங்குபவருக்குத் தெரியாது. விவேகானந்தர் பக்தி யோக உரைகளில் சங்கரரையும் ராமானுஜரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து இரண்டும் வேண்டியவை என்று முடிக்கிறார். ஆனால் மதம் முழுவதும் அடுக்களைக்குள்ளே போய் உட்கார்ந்துகொண்டதை அவரைப் போலச் சாடியவர்களும் அதிகம் இல்லை.

அப்படியானால் வீட்டுச் சமையல் குற்றமற்றதா என்றால், அதே அறநூல்கள் வீட்டைத்தான் முதலில் கூண்டில் ஏற்றுகின்றன. இல்லறத்தானின் வீட்டில் ஐந்து கொலைக்களங்கள் இருப்பதாக மனு கணக்கிடுகிறார்: அடுப்பு, அம்மி, துடைப்பம், உரல், தண்ணீர்க்குடம். ஒவ்வொன்றிலும் கண்ணுக்குத் தெரியாமல் உயிர்கள் சாகின்றன. சமைப்பது என்றாலே கொல்வது; அந்தக் கடனைக் கழிக்கத்தான் தேவர், முனிவர், முன்னோர், மனிதர், பிற உயிர்கள் ஆகிய ஐவருக்கும் நாள்தோறும் பங்கு வைக்க வேண்டும். தனக்கென்று மட்டும் சமைப்பவன் பாவத்தையே தின்கிறான் என்று கீதையின் மூன்றாம் அத்தியாயமும் மனுவும் ஏறக்குறைய ஒரே குரலில் சொல்கின்றன. ரிக்வேதத்தின் பத்தாம் மண்டலத்திலும், தனியே உண்பவன் தனியே பாவம் சுமப்பான் என்ற கருத்து இருக்கிறது. இந்தக் கணக்கில் பார்த்தால், கதவைச் சாத்திக்கொண்டு தனக்காக ஏழு வகைக் கறியோடு விருந்து சமைத்து உண்பவரின் நிலை பார்சல் வாங்குபவரின் நிலையைவிட மோசம். வாங்கியவர் ஒரு விதியைத்தான் மீறினார். தனக்கே சமைத்தவர் அடுப்பின் நோக்கத்தையே மீறுகிறார்.

வீட்டு அடுப்பின் உச்சத்தைப் பெரியபுராணத்தின் இளையான்குடி மாறன் கதை காட்டுகிறது. செல்வம் தேய்ந்த பிறகு ஒரு மழை இரவில் அடியார் ஒருவர் வருகிறார். வீட்டில் ஒரு மணி அரிசி இல்லை. பகலில் வயலில் விதைத்த நெல் மழைநீரில் மிதந்து கிடக்கும் என்று மனைவி நினைவூட்ட, மாறனார் இருட்டில் போய் அதை வாரிக்கொண்டு வருகிறார். விறகுக்குக் கூரையின் வரிச்சை அறுத்துத் தருகிறார். கறிக்குக் குழியிலே முளைத்திருந்த கீரையைப் பறித்து வருகிறார். அதை வெவ்வேறு கறிகளாக்கும் திறமை மனைவியுடையது. கதையைச் சொல்பவர்கள் மாறனாரின் அன்பில் நின்றுவிடுகிறார்கள். ஈர நெல்லை வறுத்துக் குத்தி அரிசியாக்கி, ஒரே கீரையைப் பல கறியாக மாற்றிய அந்த நள்ளிரவு வேலையும் அங்கேதான் இருக்கிறது.

வீட்டுச் சமையல் தன்னளவிலேயே புனிதமாகிவிடாது என்பதற்கு வைணவ குருபரம்பரை ஒரு கசப்பான கதையை வைத்திருக்கிறது. காஞ்சியில் ராமானுஜர் திருக்கச்சி நம்பியைத் தம் வீட்டுக்கு உணவுக்கு அழைக்கிறார். நம்பி பிறப்பால் அந்தணர் அல்லர். அவர் உண்ட மிச்சத்தைத் தாம் உண்ண வேண்டும் என்பது ராமானுஜரின் ஆசை. மனைவி வகைவகையாகத் தளிகை செய்கிறார். ராமானுஜர் நம்பியைத் தேடி ஒரு தெரு வழியே போக, நம்பி வேறு தெரு வழியே வந்து உண்டுவிட்டுப் போய்விடுகிறார். மனைவி மிச்சத்தை வெளியே கொடுத்துவிட்டு, இடத்தை மெழுகி, குளித்து, கணவருக்காகப் புதிதாகச் சமைக்கத் தொடங்குகிறார். திரும்பி வந்த ராமானுஜருக்கு அந்த வீட்டில் உண்ண எதுவும் மிஞ்சவில்லை. ஆசாரப்படி பார்த்தால் அந்த அம்மையார் செய்ததில் ஒரு பிழையும் கிடையாது. மரபு முழுவதும் அவரைக் குறை சொல்லிக்கொண்டே வந்திருக்கிறது. ஆச்ரய தோஷத்தைப் பற்றி எழுதிய ஆசாரியரின் வாழ்க்கையிலேயே இந்தக் கதை இருப்பதை உரைகாரர்கள் ஏனோ அவ்வளவாகத் தொடுவதில்லை.

மனுஸ்மிருதியின் நான்காம் அத்தியாயம் யார் யார் வீட்டில் உண்ணக் கூடாது என்று ஒரு நீண்ட, இன்று படிக்கக் கூசும் பட்டியலைத் தருகிறது. பல தொழில்களும் சாதிகளும் அதில் அடுக்கப்படுகின்றன. அந்தப் பட்டியலை ஒட்டியே, பட்டியலின் அடித்தளத்தை அசைக்கிற ஒரு சிறு விவாதம் வருகிறது. வேதம் கற்ற கஞ்சனின் சோறு ஒரு பக்கம். கொடைக்குணமுள்ள வட்டிக்காரனின் சோறு மறுபக்கம். தேவர்கள் எடைபோட்டு இரண்டும் சமம் என்கிறார்கள். பிரஜாபதி வந்து, சமமில்லாததைச் சமமாக்காதீர்கள் என்று மறுக்கிறார்: கொடையாளியின் சோறு சிரத்தையால் தூய்மையடைந்தது, மற்றது சிரத்தையின்மையால் கெட்டது. குலமும் கல்வியும் ஒருவருக்கு, தடைசெய்யப்பட்ட தொழில் இன்னொருவருக்கு என்று இருந்தும், கையில் இருந்த மனம்தான் தராசைச் சாய்த்தது. இந்தத் தீர்ப்பை முழுமூச்சாகப் பின்பற்றியிருந்தால் மேலேயுள்ள பட்டியல் நின்றிருக்காது.

சிரத்தைக்கு விலை ஒட்டப்பட்டால் அது சிரத்தைதானா என்பது அடுத்த கேள்வி. மதுரை இதற்கு ஒரு பதில் வைத்திருக்கிறது. வைகை உடைத்துக்கொண்டு பெருகியபோது வீட்டுக்கு ஓர் ஆள் கரையடைக்க வர வேண்டும் என்று பாண்டியன் ஆணையிட்டான். வந்தி பிட்டு விற்றுப் பிழைத்த கிழவி. அவளுக்கு ஆள் இல்லை. கூலியாளாக வந்த சொக்கநாதர் கேட்ட கூலி பிட்டு. மக்கள் சொல்லும் வடிவில் ஒப்பந்தம் இன்னும் நுணுக்கமானது: உதிர்ந்த பிட்டு கூலிக்காரனுக்கு, முழுப்பிட்டு வியாபாரத்துக்கு, அன்று அவித்ததெல்லாம் உதிர்ந்தது. இது கடைப்பண்டம். இன்னாருக்கு என்று அவித்ததன்று, வாங்குபவர் யாரோ அவருக்கு என்று அவித்தது. கடவுள் அதை இலவசமாகவும் வாங்கவில்லை, பிரசாதமாகவும் ஏற்கவில்லை. மண் சுமந்து, பிரம்படியும் பட்டு ஈட்டினார். ஆவணி மூலத் திருவிழாவில் மதுரை ஒவ்வோர் ஆண்டும் இந்தப் பேரத்தை நடித்துக் காட்டுகிறது. விற்கப்படுவதால் உணவின் புனிதம் போய்விடுகிறது என்பவர்கள் இந்தக் கதைக்கு என்ன சொல்வார்கள் என்று தெரியவில்லை.

புரி ஜகந்நாதர் கோயில் இன்னும் ஒரு படி மேலே போகிறது. மண்பானைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி விறகடுப்பில் சமைக்கும் அந்தப் பெரிய மடைப்பள்ளியின் சோறு, ஜகந்நாதருக்கும் பிறகு விமலை அம்மனுக்கும் படைக்கப்பட்டவுடன் மகாபிரசாதம் ஆகிறது. ஆகி, கோயில் வளாகத்துக்குள்ளேயே ஆனந்த பஜார் என்ற சந்தையில் விலைக்கு வருகிறது. அங்கே வெந்த சோற்றை யார் யாரிடமிருந்தும் வாங்கலாம், யாரோடும் உட்கார்ந்து உண்ணலாம், எச்சில் என்ற பேச்சே கிடையாது என்பது பழைய வழக்கம். ஆபஸ்தம்பர் தடுத்த மூன்றும், அதாவது சந்தை, சமைத்த சோறு, அறியாத கை ஆகியவை, அங்கே ஒரே இலையில் இருக்கின்றன. ஆயினும் அந்தச் சமத்துவம் மதிலுக்குள்தான். அந்தக் கோயிலின் நுழைவு விதிகள் எல்லோரையும் உள்ளே விடுவதில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

துறவிகளின் உலகில் கேள்வியே தலைகீழாகிவிடுகிறது. சமணத் துறவி தனக்காகச் சமைத்த உணவைத் தொடக் கூடாது. சுவேதாம்பரர்களின் தசவைகாலிக சூத்திரம் தேனீயை முன்மாதிரியாகக் காட்டித் தொடங்குகிறது: பூ தேனீக்காகப் பூப்பதில்லை, தேனீயும் பூவை வாட்டுவதில்லை. அதே நூலின் மூன்றாம் அத்தியாயம் துறவிக்கு ஆகாதவற்றை அடுக்கும்போது, அவருக்கென்று சமைத்ததையும் அவருக்கென்று விலைக்கு வாங்கியதையும் அவர் இருக்குமிடத்துக்கு எடுத்துவந்து கொடுப்பதையும் சேர்த்தே விலக்குகிறது. வீட்டு விருந்து, எடுப்புச் சாப்பாடு, வாசலுக்கே கொண்டுவந்து தருவது என்று இன்றைய மூன்று வழிகளும் ஒரே மூச்சில் அடைபட்டுவிடுகின்றன. காரணம், அடுப்பில் நடக்கும் கொலையின் கணக்கு. தனக்காக மூட்டிய அடுப்பென்றால் அதில் சாகும் உயிர்களின் பழி தன் பெயரில் எழுதப்படும். யாருக்கோ சமைத்ததில் ஒரு பிடி என்றால் எழுதப்படாது. இல்லறத்தானுக்குக் குறையாக இருந்த முகமின்மை துறவிக்குக் காப்பாகிறது.

பௌத்த விநயமும் பிக்கு தானே சமைப்பதையும் உணவைச் சேமித்துவைப்பதையும் தடுத்தது. பஞ்சகாலத்தில் அதைத் தளர்த்தி, பஞ்சம் தீர்ந்ததும் மறுபடி இறுக்கியது. ஆறியதைச் சூடாக்கிக்கொள்ள மட்டும் இடம் கொடுத்தது. சீனத்து மடங்களில் பிக்குகளே சமைக்கும் வழக்கம் வந்தபோது, தடைசெய்யப்பட்ட வேலை தவமாகவே மாறியது. 1223-ல் ஜப்பானிலிருந்து வந்த தோகென் என்ற இளந்துறவி சீனத் துறைமுகத்தில் கப்பலிலேயே தங்கியிருந்தபோது, அறுபது வயது கடந்த மடத்துச் சமையற்காரர் ஒருவர் காளான் வாங்க வந்தார். மறுநாள் பண்டிகை, துறவிகளுக்கு நல்லதாக ஒரு சாறு காய்ச்சிக் கொடுக்க வேண்டும். இரவு தங்கிப் பேசிவிட்டுப் போகலாமே, சமைக்க வேறு ஆளா இல்லை என்று தோகென் கேட்டார். கிழவர் சிரித்துவிட்டு, தமக்குக் கொடுத்த வேலையைப் பிறரிடம் விட முடியாது என்று சொல்லி, வந்த நெடுவழியே திரும்பி நடந்தார். ஊர் திரும்பிய தோகென் 1237-ல் மடத்துச் சமையற்காரருக்கென்றே ஒரு நூல் எழுதினார். அரிசி கழுவுவதையும் கல் பொறுக்குவதையும் தியானத்துக்குச் சமமாகப் பேசும் நூல் அது. பண்டிகைச் சமையலுக்கு ஆதரவாகச் சொல்லக்கூடிய மிக வலுவான வாதம் அந்தக் கிழவரின் நடையில் இருக்கிறது. ஆனால் அவர் உண்பதற்காக அலையவில்லை, ஊட்டுவதற்காக அலைந்தார்.

யூத மதச் சட்டம் இதே முகமின்மையை வேறொரு காரணத்துக்காகப் பாராட்டுகிறது. பிற மதத்தவர் சுட்ட ரொட்டியை மிஷ்னா தடுத்தது. உண்டு பழகினால் உறவு வரும், உறவு வந்தால் கலப்பு மணம் வரும் என்ற அச்சம் அதற்குச் சொல்லப்படும் காரணம். பிற்காலச் சட்ட அறிஞர்கள் பலர் வீட்டு ரொட்டியையும் கடை ரொட்டியையும் பிரித்தார்கள். அண்டை வீட்டார் அன்போடு சுட்டுத் தந்த ரொட்டி ஆகாது. ரொட்டிக் கடைக்காரர் விற்பது ஆகலாம், ஏனென்றால் காசு கொடுத்து வாங்குவதில் நட்பு முளைப்பதில்லை. சமைத்த உணவு பற்றிய தடையோ அரசரின் பந்தியில் வைக்கத் தகுந்த, பச்சையாகத் தின்ன முடியாத பண்டங்களுக்கு மட்டுமே. உயர்ந்த சமையல்தான் மனிதர்களை நெருங்கவைக்கும் என்று அந்த அறிஞர்கள் சரியாகவே கண்டுகொண்டிருந்தார்கள். அதனால்தான் அதற்கு வேலி போட்டார்கள்.

தமிழ்நாட்டில் இந்த வேலியை உடைத்ததில் கடைச் சோற்றுக்குப் பங்குண்டு, அது எளிதாக நடந்துவிடவும் இல்லை. ஆச்ரய தோஷத்தின் அச்சத்தை ஓட்டல்கள் முதலில் சாதியை வைத்தே தணித்தன. சமைப்பவர் அந்தணர் என்று பலகை தொங்கியது. வாங்குபவருக்குச் சமையற்காரரின் முகம் தெரியாது; அவருடைய சாதி மட்டும் வாசலிலேயே எழுதியிருந்தது. ரயில் நிலையச் சாப்பாட்டு அறைகளில்கூட அந்தணருக்குத் தனி இடம் இருந்த காலம் அது. சேரன்மாதேவி குருகுலத்தில் அந்தண மாணவர் இருவருக்குத் தனிப்பந்தி வைத்தது 1924, 1925-ஆம் ஆண்டுகளில் தமிழ்நாட்டு அரசியலையே புரட்டிப்போட்டது. 1957-ல் ஓட்டல் பலகைகளிலிருந்து ‘பிராமணாள்’ என்ற சொல்லை நீக்கக் கோரிப் பெரியார் போராட்டம் தொடங்க, திருவல்லிக்கேணியில் ஓர் ஓட்டலின் முன் பல மாதங்கள் மறியல் நடந்தது. பலகை இறங்கிய பிறகுதான் கடைச் சோறு மெய்யாகவே யாரோ யாருக்கோ சமைத்த சோறாயிற்று. இதற்கு வெகுகாலம் முன்னரே, 1867 மே 23-ல், வடலூரில் வள்ளலார் சத்திய தருமச்சாலையைத் தொடங்கியபோது மூட்டிய அடுப்பு விலையும் கேட்கவில்லை, சாதியும் கேட்கவில்லை. இன்றுவரை அணையவும் இல்லை. முகம் தெரியாதவருக்குச் சமைப்பதே அறத்தின் உச்சம் என்று அந்த அடுப்பு வைத்திருக்கும் கட்சி, ஆபஸ்தம்பருக்கு நேர் எதிர்.

இதுவரை பேசியது யார் சமைப்பது என்பதை. சுவையின் கேள்வி தனி. ஆறாம் நூற்றாண்டின் இறுதியில் போப்பாண்டவராக இருந்த முதலாம் கிரகோரி, பெருந்தீனி என்ற பாவத்துக்கு ஐந்து முகங்கள் கண்டார்: வேளைக்கு முன்பே உண்பது, விலையுயர்ந்ததைத் தேடுவது, பக்குவத்தில் அளவுமீறிய சிரத்தை காட்டுவது, அளவுக்கு மிஞ்சி உண்பது, ஆவலோடு விழுங்குவது. அளவு என்பது ஐந்தில் ஒன்றுதான். மூன்று நாள் ஊறவைத்து, அரைத்து, தம் போட்டு ஒரே ஒரு பிரியாணிக்காக உயிரை விடும் வீட்டுச் சமையற்காரர் மூன்றாவதில் மாட்டுகிறார். பொட்டலம் எந்தத் தெருமுனையில் வந்துகொண்டிருக்கிறது என்று நிமிடத்துக்கொரு முறை செல்பேசியைப் பார்ப்பவரை முதலாவதிலும் ஐந்தாவதிலும் சேர்க்கலாம். அகஸ்தீன் தம் ஒப்புதல்களின் பத்தாம் நூலில் இதைவிட நேர்மையாகப் பேசினார்: பசி ஒரு நோய், உணவு அதற்கு மருந்து, ஆனால் நோய் தீர்ந்து நிறைவு வரும் வழியில் இன்பம் பதுங்கியிருந்து பிடித்துக்கொள்கிறது, கேட்பது உடம்பா ஆசையா என்று பிரித்தறிய முடிவதில்லை. 1930-ல் எரவாடா சிறையிலிருந்து ஆசிரமத்துக்கு எழுதிய கடிதங்களில் காந்தி அஸ்வாத விரதத்தை விளக்கும்போது, உணவை மருந்துபோல ருசி பாராமல் கொள்ள வேண்டும் என்று அதே இடத்துக்கு வந்து சேர்கிறார்.

ஆண்டாளிடம் இந்தக் கெடுபிடி இல்லை. திருப்பாவை நோன்பு தொடங்கும்போது நெய்யையும் பாலையும் விலக்குகிறது. இருபத்தேழாம் பாசுரத்தில் நெய் மூடிய பால்சோற்றோடு முடிகிறது. இரண்டுக்கும் இடையில் இருபத்தைந்து நாள் விடியற்காலை இருக்கிறது, ஒவ்வொரு வீடாகப் போய்த் தோழியரை எழுப்பிச் சேர்த்த வேலை இருக்கிறது. கூடியிருந்து உண்பது என்ற நிபந்தனை அந்தச் சோற்றின் செய்முறையிலேயே சேர்ந்துவிட்டது. நாச்சியார் திருமொழியில் திருமாலிருஞ்சோலை அழகருக்கு நூறு தடா வெண்ணெயும் நூறு தடா அக்காரவடிசிலும் நேர்ந்துகொண்டதும் அவளே. அந்தக் கடனைப் பின்னாளில் ராமானுஜர் அடைத்தார் என்றும், ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆண்டாள் அவரை அண்ணா என்று அழைத்தாள் என்றும் மரபு சொல்லும். நூறு தடாவைத் தனியொருவர் வீட்டு அடுப்பில் வைக்க முடியாது. மடைப்பள்ளியும் பரிசாரகர்களும் வேண்டும். பிறர் சமைத்துக் கொடுத்ததால் அந்த நேர்த்தி குறைந்துபோனதாக யாரும் சொன்னதில்லை.

இன்றைய வீட்டில் விருந்துச் சமையலுக்கு ஆகும் நான்கு மணி நேரம் பெரும்பாலும் ஒரே ஆளின் நான்கு மணி நேரம். அந்த ஆள் பெரும்பாலும் ஒரு பெண். கைமணம், அன்பு, குடும்பம் என்று வீட்டுச் சோற்றைப் புகழும் பேச்சில் இது கணக்கில் ஏறுவதில்லை. பார்சலைப் புகழும் பேச்சிலும் இன்னொரு சமையலறையின் வெக்கை கணக்கில் ஏறுவதில்லை. நபிமொழித் தொகுப்புகளில் இதற்கென்றே ஓர் அறிவுரை உண்டு. பணியாள் உணவைக் கொண்டுவந்தால் அவரையும் உடன் உட்காரவைத்து உண்ண வேண்டும். இயலாவிட்டால் ஒரு கவளமாவது இரண்டு கவளமாவது கொடுக்க வேண்டும், ஏனென்றால் அதன் சூட்டையும் புகையையும் தாங்கியவர் அவர். புகாரியிலும் முஸ்லிமிலும் பதிவாகியிருக்கும் இந்தச் சொல், சமைத்தவர் வீட்டு ஆளா வெளியாளா என்று பிரிக்கவில்லை. சூடு பட்டவருக்குப் பங்குண்டு, அவ்வளவே.

அலுத்துச் சோர்ந்த மாலையில் வாங்குவதும், அலுப்பே இல்லாமல் ஆசைக்கு வாங்குவதும் ஒன்றா என்பதைச் சாந்தோக்கியத்தின் முதல் அத்தியாயம் ஒரு கதையில் தொடுகிறது. குரு நாட்டில் பயிர் அழிந்த காலம். உஷஸ்தி என்ற வேதியர் பசியால் வாடி, யானைப்பாகர் ஊரில் ஒருவர் உண்டுகொண்டிருந்த பயறைக் கேட்கிறார். இருப்பது எச்சில் மட்டுமே என்று அவர் தயங்க, பரவாயில்லை என்று வாங்கிக்கொள்கிறார். குடிக்கத் தண்ணீர் நீட்டியபோது, எச்சில் தண்ணீர் ஆகாது என்று மறுக்கிறார். பயறு மட்டும் எச்சில் இல்லையா என்று பாகர் மடக்குகிறார். அதை உண்ணாவிட்டால் உயிர் தங்கியிருக்காது, தண்ணீர் என் விருப்பத்தைப் பொறுத்தது, எங்கும் கிடைக்கும் என்பது உஷஸ்தியின் பதில். பிரம்மசூத்திரம் இந்தக் கதையைப் பிடித்துக்கொண்டு, உயிருக்கு ஆபத்து நேரும்போது மட்டுமே எல்லா உணவும் அனுமதிக்கப்படுகிறது என்று விதி செய்தது. ஒரே ஆள், ஒரே கை, ஒரே எச்சில். ஒன்று தேவை, மற்றது விருப்பம்.

விதி செய்தவர்கள் கதையின் மிச்சத்தை அவ்வளவாகப் பேசுவதில்லை. உண்டு மீந்த பயறை உஷஸ்தி மனைவிக்குக் கொண்டுபோய்க் கொடுக்கிறார். அவளுக்கு அதற்கு முன்பே எங்கோ பிச்சை கிடைத்திருந்தது. பயறை வாங்கி மூடிவைக்கிறாள். மறுநாள் விடியலில், கொஞ்சம் சோறு கிடைத்தால் பக்கத்தில் வேள்வி நடத்தும் அரசனிடம் போய்ப் பொருள் சம்பாதிக்கலாமே என்று அவர் ஏங்க, நேற்றைய பயறு இருக்கிறது என்று அவள் எடுத்துக் கொடுக்கிறாள். எச்சிலாகவும் பழையதாகவும் ஆகிவிட்ட அதைத் தின்றுவிட்டுத்தான் அவர் வேள்விச் சாலைக்கு நடக்கிறார்.